பழைய காரின் ஐடி பிளேட்டைப் புதுப்பிக்கும் பொருட்கள்: எது கைகொடுக்கும், எது எழுத்தைத் தின்னும்

பழைய காரில் பெயின்ட், சீட், குரோம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்துவிடலாம். ஐடி பிளேட்டில், அதாவது காரின் எண்ணைத் தாங்கும் சின்ன உலோக அடையாளத் தகட்டில், தொழிற்சாலையில் அன்றைக்கு அடித்த எண்ணை மட்டும் திரும்ப அடிக்க முடியாது. அதனால் இந்த வேலைக்கென்று விற்கும் பொருட்களை இங்கே ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறோம்: அழுக்கையும் துருவையும் எடுக்கும்போது எழுத்தைத் தொடாமல் விடுகிறதா, இல்லையா? அப்படிப் பார்த்தால் மெதுவாக வேலை செய்யும் ஜெல் பெயின்ட் ரிமூவர், எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட், மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு ஆகிய மூன்றும் தாராளமாக வாங்கலாம். பஃபிங் வீல் (பாலிஷ் போடச் சுழலும் துணிச் சக்கரம்), அமோனியா வாசம் அடிக்கும் பாலிஷ் ஆகிய இரண்டையும் தகட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. காஸ்டிக் சோடா கலந்த ரிமூவரை இரும்புத் தகட்டைத் தவிர வேறெதிலும் போடக் கூடாது.

எதை வாங்குவது என்பது தகடு எந்த வகை என்பதைப் பொறுத்தது. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். எழுத்து இருக்கும் இடத்தில் பின்னால் குழி தெரிந்தால் அது எம்போஸ் செய்தது, அதாவது பின்னாலிருந்து அழுத்தி எழுத்தை மேடாக்கியது. பின்பக்கம் வழவழவென்று இருந்து, முன்பக்கம் எழுத்து மேடாகவும் சுற்றிலும் கறுப்புப் பள்ளமாகவும் இருந்தால் அமிலத்தில் அரித்த எட்சிங் தகடு, பெரும்பாலும் பித்தளை. இரண்டும் இல்லாமல் எழுத்து வெறும் நிறமாகத் தெரிந்தால் அச்சடித்த அலுமினியமோ, அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியமோ ஆக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். மின்சாரம் பாய்கிறதா என்று பீப் சத்தத்தால் சொல்லும் கன்டினியூட்டியில் வைத்து, இரண்டு முனையையும் தகட்டின் முன்பக்கம் லேசாகத் தொடுங்கள். பீப் சத்தம் வந்தால் வெறும் உலோகம். வரவில்லை என்றால் மேலே லாக்கர் என்ற பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது, அல்லது அனோடைஸ் படலம். பட்ஸில் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டு, யார் கண்ணிலும் படாத ஓரத்தில் தேயுங்கள். இளகி ஒட்டினால் லாக்கர். அசையாமல் இருந்தால் அனோடைஸ். ஒரே காரில் இரண்டு மூன்று வகைத் தகடுகள் இருப்பது சகஜம் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

கை வைப்பதற்கு முன் பதிவு எடுத்துவிடுங்கள். டார்ச்சைத் தகட்டோடு கிட்டத்தட்ட ஒட்டிப் படுக்க வைத்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் ஒளி அடித்தால் தேய்ந்த எண்ணும் நிழலோடு எழும்பி நிற்கும். நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி அடித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்து 4பி பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்து ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். 3-ஆ 8-ஆ என்ற சந்தேகம் வந்தால் கணக்குப் போட்டுத் தீர்க்க வழியில்லை. அமெரிக்காவில் 17 இலக்க எண்ணும், மற்ற இலக்கங்களைக் கணக்கிட்டுப் பிழையைக் காட்டும் சரிபார்ப்பு இலக்கம் அதற்குள் வருவதும் 1981 மாடலிலிருந்துதான் நிலைபெற்றன. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் கொடுக்கும் முறை வேறு. கண்ணால் படித்ததும் காகிதத்தில் எடுத்த நகலும்தான் ஆதாரம்.

இனி பெயின்ட் ரிமூவர். டைக்குளோரோமீத்தேன் கலந்த பழைய ஜெல் இரண்டே நிமிடத்தில் பெயின்டைச் சுருட்டிவிடும். ஆனால் அதன் ஆவி உயிருக்கே ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பொதுமக்களுக்கு அதை விற்பதையே நிறுத்திவிட்டன. பென்சைல் ஆல்கஹால் கலந்தது மெதுவாகத்தான் பிடிக்கும். மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி நான்கைந்து மணி நேரம் விட வேண்டும். இந்தத் தகட்டு வேலைக்கு அந்த மெதுவே நல்லது. ஒவ்வொரு அடுக்காக உரியும்போது எங்கே நிறுத்துவது என்று நமக்குத் தெரியும். உரிந்ததை மரக்குச்சியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் எடுங்கள். கம்பி பிரஷ், பித்தளைக் கம்பியாகவே இருந்தாலும், அலுமினியத்தில் கோடு போட்டுவிடும். காஸ்டிக் கலந்த ரிமூவரை இரும்புத் தகட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அது நுரைத்துக் கரைக்கும். ஐந்து நிமிடம் அசந்தால் எழுத்தின் ஓரம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பெயின்டை எல்லாம் உரித்து வெறும் உலோகம் தெரியும்படி ஆக்குவதுதான் புதுப்பித்தல் என்று பலர் நினைக்கிறார்கள். சில தகடுகள் பாடியோடு சேர்ந்தே பெயின்ட் வாங்கியவை. அவற்றைப் பளபளவென்று ஆக்கினால் அது தொழிற்சாலையில் இருந்த நிலை இல்லை. ஓரத்திலும் ரிவெட் தலையின் அடியிலும் எந்த நிறம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பித்தளைக்கு விற்கும் பாலிஷ் திரவங்களில் நிறைய அமோனியா வகைதான். மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். சமையல் பாத்திரத்துக்குச் சரி. எண் அடித்த தகட்டுக்கு வேண்டாம். பஞ்ச்சால், அதாவது எண் அச்சுள்ள எஃகுக் கோலால், அடித்த இடத்தில் உலோகம் நசுங்கி உள்ளுக்குள் இழுவையோடு நிற்கிறது. அந்த இழுவையும் அமோனியாவும் சேர்ந்தால் பித்தளையில் மயிரிழை வெடிப்பு ஓடும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் இப்படித்தான் தாமாக வெடிப்பு விட்டன. சாணம், மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கினார்கள். வினிகரும் உப்பும் கலந்த கரைசலும் உதவாது. துத்தநாகம் கரைந்து போய், மேற்பரப்பு செம்பைப் போல இளஞ்சிவப்பாகிவிடும். அந்த நிறத்தைத் திரும்பத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும், அதற்குள் எழுத்தும் தேயும்.

பஃபிங் வீலை ஏன் இவ்வளவு எதிர்க்கிறோம் என்பதை ஒரு 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் புரியும். நல்ல எட்சிங் எழுத்தின் விளிம்பு கத்தி வெட்டியது போல நிற்கும். வீலில் பிடித்த தகட்டில் அந்த விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி மழுங்கி உருண்டிருக்கும். துணி வீல் மெத்தென்று பள்ளத்துக்குள் இறங்குவதால் மேடும் பள்ளமும் சேர்ந்தே தேய்கின்றன. பல தகடுகளில் எட்சிங்கின் ஆழமே 0.1 முதல் 0.2 மி.மீ.தான். வீலில் பிடித்தால் அது விரைவில் குறைந்துவிடும்.

அதற்குப் பதில் கண்ணாடியும் வாட்டர் பேப்பரும் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். 8 அல்லது 10 மி.மீ. தடிமனான சமதளக் கண்ணாடியில் தாளை நனைத்து ஒட்டவைத்து, ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, தகட்டை முகம் கீழாக வைத்து 8 போடுவது போல நகர்த்துங்கள். 800, 1200, 2000 என்று ஏறினால் போதும். ஒவ்வொரு தாளிலும் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தகடு வளைந்திருந்தால் முதலில் இரண்டு மரக்கட்டைக்கு நடுவே மெதுவாக அழுத்தி நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் மேடான இடம் மட்டும் தேயும். எட்சிங் தகட்டிலேயே சீரியல் எண்ணைப் பஞ்ச்சில் அடித்திருந்தால் இந்தக் கண்ணாடி முறை கூடாது. பஞ்ச் இறங்கும்போது எண்ணைச் சுற்றி உலோகம் ஒரு சின்ன வரப்பாக எழும்பும். நிபுணர்கள் தேடுவது அந்த வரப்பைத்தான், அது தேய்ந்தால் அசல் தகடே சந்தேகத்துக்குள்ளாகும். அந்த வகைக்குத் தீப்பெட்டி அளவு கெட்டியான ரப்பர் துண்டில் தாளைச் சுற்றி, எண் இருக்கும் கட்டத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். எம்போஸ் செய்த தகட்டுக்குத் தேய்ப்பே வேண்டாம்.

பள்ளத்தில் நிறம் நிரப்புவதுதான் இந்த வேலையின் உயிர். பொருள் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்ப்ரே கேனில் வரும் செல்லுலோஸ், அக்ரிலிக் பெயின்ட் காய்ந்ததும் வற்றி உள்வாங்கும். பள்ளத்தின் நடுவில் கிண்ணம் போல ஆகிவிடும். எபாக்சி நன்றாக நிரம்பும், ஆனால் தவறு நேர்ந்தால் எடுக்க முடியாது, வெயிலில் மஞ்சளாகும். எண்ணெய் எனாமலே இதற்குத் தோது. மாடல் பொம்மைகளுக்கு விற்கும் ஹம்ப்ரோல் 14 மி.லி. டப்பாவில் 85-ஆம் எண் அரைப்பளபளப்புக் கறுப்பு, பழைய தகட்டின் கறுப்புக்கு நன்றாக ஒத்துவரும். முழுப் பளபளப்பு எடுத்தால் தகடு நேற்றுச் செய்தது மாதிரி இருக்கும். உள்ளங்கை அளவுத் தகட்டுக்கு ஒரு தடவைக்கு 1 முதல் 2 மி.லி. போதும்.

முதலில் அசிட்டோனில் இரண்டு முறை துடையுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துணி. பாலிஷ் மிச்சம் மயிரிழை அளவு இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி ஊசித்துளை விடும். எனாமலில் பத்தில் ஒரு பங்கு மினரல் டர்பன்டைன் கலந்து, மெல்லிய பிரஷ்ஷின் நுனியில் எடுத்துப் பள்ளத்தின் நடுவில் தொட்டு வையுங்கள். தானே ஓடி ஓரம் வரை போகும். தீற்றினால் காற்றுக்குமிழி சிக்கும். எழுத்தின் மேல் ஏறினால் கவலை வேண்டாம். ஒரு நாள் விட்டு இரண்டாவது தடவை, தேவைப்பட்டால் மூன்றாவது. எனாமலும் கொஞ்சம் வற்றும் என்பதால் பள்ளம் லேசாக மேடிட்டு நிற்கும்வரை நிரப்ப வேண்டும். கடைசித் தடவைக்குப் பிறகு குறைந்தது ஒரு வாரம் காய விடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஓவன் அடுப்பில் வைத்தால் மேல்தோல் இறுகி உள்ளிருக்கும் டர்பன்டைன் குமிழாக வெடிக்கும். முழுதும் ஒரு நாள் காய்ந்த பின் 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைப்பது பரவாயில்லை.

காய்ந்ததும் 1500 வாட்டர் பேப்பரைக் கெட்டியான கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீரோடு மேலே இருப்பதை வெட்டி எடுங்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கறுப்புக்குள்ளிருந்து வெளிவருவதைப் பார்க்கலாம். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தெடுக்கும் குறுக்கு வழி ஆழமில்லாத பள்ளத்துக்கு மட்டும்தான் ஒத்துவரும். அதிலும் துணியை விரலில் சுற்றாமல், விசிட்டிங் கார்டில் இறுக்கிச் சுற்ற வேண்டும். விரலில் சுற்றிய துணி பள்ளத்துக்குள் இறங்கிப் பெயின்டை இழுத்துக்கொண்டு வரும்.

அனோடைஸ் தகடு விஷயத்தில் வாங்கவே ஒன்றுமில்லை. நிறம் இருப்பது அந்தப் படலத்துக்குள்தான். படலம் போனால் எழுத்தும் போகும், எந்த பாலிஷும் அதைக் கொண்டுவராது. மிதமான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், பிறகு மெழுகு. வெயிலில் சாயம் போன சிவப்பைத் திருப்ப முடியாது, அப்படியே விடுவது மேல்.

மேல்பூச்சில் இரண்டு பொருட்களை ஒப்பிடலாம். இன்க்ராலாக் என்பது செம்பு, வெண்கலம், பித்தளைக்கென்றே செய்த அக்ரிலிக் லாக்கர். அதில் பென்ஸோட்ரையசோல் இருப்பதால் கறுத்துப் போவதைத் தடுக்கும். வெளியில் நிற்கும் காருக்கு நல்லது. ஆனால் அதன் டோலுயீன் கரைப்பான் எனாமலைக் கடிக்கும் என்பதால் எனாமல் முழுதாய்க் காயாமல் போடக் கூடாது. மெல்லிய தூவலாக இரண்டு தடவை. ரினைசன்ஸ் வேக்ஸ், பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு. கடுகளவு எடுத்துத் தேய்த்தால் போதும், வேண்டாமென்றால் ஒயிட் ஸ்பிரிட்டில் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்பது மட்டும்தான் குறை. ஷெட்டில் நிற்கும் காருக்கு மெழுகையே சிபாரிசு செய்கிறோம்.

தகடு அறவே அரித்துப்போனால் நகல் செய்து தரும் சேவைகள் இருக்கின்றன. ஆர்டர் கொடுப்பதற்கு முன் எந்த முறையில் எழுத்து அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் காலத்து எம்போஸ் தகடுகள் பல, ராணுவ அடையாள வில்லை அடித்த அதே கிராஃபோடைப் வகை இயந்திரங்களில் அடித்தவை. எழுத்துகளின் இடைவெளி சீராகவும், பின்பக்கக் குழி தெளிவாகவும் இருக்கும். லேசரில் பொறித்ததில் வரப்பே இருக்காது, ஆழம் எங்கும் ஒன்றாக இருக்கும், விளிம்பில் கருகிய கோடு தெரியும். டிஜிட்டல் பிரிண்ட் என்றால் லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். 4-ன் தலை திறந்திருந்ததா மூடியிருந்ததா, 3-ன் மேல்பக்கம் தட்டையா வளைவா என்பதெல்லாம் உங்கள் படத்தோடு ஒத்துவர வேண்டும். அசல் தகட்டையோ காரின் ஆவணத்தையோ கேட்காமல், சொன்ன எண்ணை அடித்துத் தர ஒப்புக்கொள்ளும் இடத்துக்குப் போகாதீர்கள். அமெரிக்காவில் 1984-ல் வந்த சட்டப்படி அடையாள எண்ணைத் தெரிந்தே அழிப்பதும் மாற்றுவதும் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பழுதுபார்க்க நியாயமாகத் தேவைப்பட்டால் கழற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. மற்ற நாடுகளிலும் கழற்றுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நகல் செய்தாலும் அசலைத் தூக்கிப் போடாமல் கார் ஆவணங்களோடு வையுங்கள்.

கடைசியாக, திரும்பப் பொருத்துவது. பழைய தகடுகள் பலவற்றில் இருப்பது சாதாரண ரிவெட் இல்லை, டிரைவ் ஸ்க்ரூ: தலை உருண்டையாக, உடலில் சாய்வான புரி. அடித்தால் சுழன்றுகொண்டே இறங்கும். பின்பக்கம் எட்டினால் நுனியைப் பிடித்து, பின்னாலிருந்து பார்க்கும்போது வலப்பக்கமாக (கடிகாரச் சுற்றில்) திருகி வெளியே தள்ளிவிடலாம். எட்டாவிட்டால் தலையில் மெல்லிய வெட்டுப் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் திருகுங்கள். முன்பக்கம் நெம்பினால் தகட்டின் மூலை மடங்கும். புதிதாக வாங்கும்போது 2-ஆம் எண் ஸ்க்ரூவுக்கு 2.2 மி.மீ. துளை, 4-ஆம் எண் ஸ்க்ரூவுக்கு 2.6 மி.மீ. பழைய துளை தளர்ந்திருந்தால் அடுத்த அளவுக்குப் போகாமல், துளைக்குள் கொஞ்சம் எபாக்சி வைத்து இறுக்கிவிட்டு அதே அளவில் அடியுங்கள். தலை பெரிதானால் அசலாகத் தெரியாது. 1960-களின் நடுவிலிருந்து ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களின் எண் தகட்டில் வரும் ஆறு இதழ்ப் பூ வடிவ ரிவெட் தனி வகை. சோதனை செய்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான், ஆகவே அந்தத் தகட்டைக் கழற்றாமல், சுற்றிலும் டேப் ஒட்டி, இருந்த இடத்திலேயே சுத்தம் செய்யுங்கள்.

பித்தளையோ அலுமினியமோ இரும்பின் மேல் நேராக உட்கார்ந்தால் ஈரம் புகும்போது நடுவில் அரிப்பு தொடங்கும். தகட்டின் பின்பக்கம் முழுக்க மெழுகோ ஒரு பூச்சு லாக்கரோ கொடுத்துவிட்டுப் பொருத்துங்கள். அடிக்கும்போது சுத்தியலை நேராகத் தலையில் விடாமல், தலையின் வளைவுக்கேற்ற குழியுள்ள பஞ்ச்சை நடுவில் வைத்து, நான்கு மூலையையும் முதலில் பாதி பாதியாக இறக்கிய பின் முழுதாக இறக்குங்கள்.