ஆட்டுப்பால் பாடிவாஷ்: சேலத்துப் போர் தண்ணீருக்கு ஒத்துவருமா?

உப்புத் தண்ணீரில் குளிக்கிற வீடுகளுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதற்குக் காரணம் ஆட்டுப்பால் இல்லை.

போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்தால் நுரை அடங்கி வெள்ளைப் பிசுக்காகத் திரிந்துவிடும். பக்கெட் ஓரத்திலும் டைல்ஸிலும் படிகிற அதே பிசுக்குதான் தோலிலும் தங்கி வறட்டுகிறது. பெரும்பாலான பாடிவாஷில் சோப்பே கிடையாது. சோடியம் லாரெத் சல்பேட், கோகமிடோப்ரொபைல் பீட்டைன் போன்றவைதான் அழுக்கை எடுக்கின்றன. அவை உப்புத் தண்ணீரில் அப்படித் திரிவதில்லை. சோப்புக் கட்டியின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 9, 10 என்று ஏறும். தோலின் பிஎச் 5 பக்கம். பாடிவாஷை அதை ஒட்டியே தயாரிக்க முடியும். உப்பு குறைந்த மேட்டூர் ஆற்றுத் தண்ணீர் வரும் தெருக்களில் இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். லேபிளில் முதல் வரியிலேயே பொட்டாசியம் கோகோயேட், பொட்டாசியம் ஓலியேட் என்று இருந்தால் அது திரவச் சோப்புதான். பிசுக்கும் கூடவே வரும்.

இனி பால். பட்டியலில் ‘கேப்ரே லாக்’ அல்லது ‘கோட் மில்க்’ என்று தேடுங்கள். அதிகம் உள்ள பொருள் முதலில், குறைவானது பின்னால் என்பதுதான் வரிசை. வாசனைப் பொருளுக்கும் கீழே பால் நின்றால் அது பெயருக்குத்தான். அந்த வெள்ளை நிறமும் முத்து மினுமினுப்பும் பெரும்பாலும் கிளைக்கால் டைஸ்டியரேட் தருவது. கெட்டியாக இருப்பதால் பால் நிறைய என்று நம்ப வேண்டாம். இரண்டு நிமிடத்தில் கழுவிவிடும் பொருள் எக்ஸிமாவையோ சோரியாசிஸையோ குணப்படுத்தாது. குளித்த பிறகு தோல் இழுக்காமல் இருந்தால் அதில் சேர்த்திருக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரினுக்கு நன்றி சொல்லுங்கள். ‘நம்ம ஊர் ஆட்டுப்பால்’ என்று யாராவது விற்றால் எந்த ஆடு என்று கேட்டுப் பாருங்கள்: சேலம் கருப்பாடு கறிக்காக வளர்க்கப்படும் இனம்.

ஒரு குளியலுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. போதும். அப்படிப் பார்த்தால் 250 மி.லி. பாட்டில் ஒருவருக்கு 50 குளியல் வரும். வெறுங்கையில் தேய்த்தால் நுரை அவ்வளவாக வராது. வரவில்லையே என்று மூன்று நான்கு முறை அமுக்குவதால்தான் பாட்டில் பதினைந்து நாளில் தீர்கிறது. நனைத்துப் பிழிந்த பீர்க்கன் நாரில் விட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கசக்குங்கள். அக்குள், இடுக்கு, பாதம் முதலில். கை கால்களுக்கு மிச்ச நுரையே போதும். நாரைக் குளியலறை ஈரத்திலேயே தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் காய வையுங்கள். அலசிய பிறகும் லேசான வழுவழுப்பு இருக்கும். அது அழுக்கு இல்லை. அதைப் போக்க மறுபடி தேய்ப்பவர்களுக்குத்தான் தோல் காய்கிறது.

ஏற்காட்டில் மார்கழிக் குளிருக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளித்தால் எந்தப் பாடிவாஷும் கைகொடுக்காது. வெதுவெதுப்பு போதும். துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், தேங்காய் எண்ணெயோ கிரீமோ பூசுங்கள். மலைக் குளிரில் பாடிவாஷ் இறுகிப் பம்ப் திணறினால் பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் ஊற்றவே கூடாது: கெடாமல் காக்கும் பொருளின் அளவு நீர்த்துக் கிருமி வளரும்.

எண்ணெய்க் குளியலுக்கு இது உதவாது. நல்லெண்ணெய் ஒரு தேய்ப்பில் போகாது, இரண்டாம் தேய்ப்பில் தோலின் சொந்த எண்ணெயும் போய்விடும். சனிக்கிழமை அரப்பே இருக்கட்டும்.

பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. தோல் வெடித்த குழந்தைகளுக்கு வாசனை சேர்த்தது வேண்டாம். மற்றவர்களும் முழங்கை மடிப்பில் கொஞ்சமாகத் தேய்த்து ஐந்து நிமிடத்தில் கழுவி, ஒரு வாரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பாட்டிலைக் கை கழுவக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.