எஃப்எல்வி கேரம் மேட்சை வெட்ட லாஸ்லெஸ்கட் எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டூடியோ ஹார்ட்டிஸ்க்குகளிலும் வியாசர்பாடி கேரம் கிளப் சிடிக்களிலும் 2006, 2008 காலத்து வீடியோக்கள் இன்னும் எஃப்எல்வியாகவே (ஃபிளாஷ் பிளேயரில் ஓடிய பழைய வீடியோ கோப்பு வகை) கிடக்கின்றன. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் பிளேயரை அடோபி கைகழுவிவிட்டது. பிரவுசரில் ஓடாது, விஎல்சியில் ஓடும். ஆனால் நீளமான மேட்சில் கடைசி போர்டை மட்டும் எடுக்க, திரும்ப என்கோட் செய்யாமல் (படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுதாமல்) வெட்டுகிற லாஸ்லெஸ்கட் மென்பொருள்தான் வேண்டும். 320-க்கு 240 படத்தை இன்னொரு தடவை என்கோட் செய்தால் காயின் கறுப்பா வெள்ளையா என்றே தெரியாது. இலவசம் வேறு.

கோப்பை இழுத்துப் போட்டதும் படம் வராமல் போகலாம். உள்ளே இருப்பது சோரென்சன் ஸ்பார்க் அல்லது விபி6 என்ற பழைய வீடியோ சுருக்க முறை. அதை இந்த மென்பொருளால் நேரடியாகக் காட்ட முடியாது. ஃபைல் மெனுவில், ஓடக்கூடிய ஃபார்மட்டுக்கு மாற்றும் வசதியைத் தட்டினால் பார்வைக்கு மட்டும் ஒரு நகல் தயாராகும். வெட்டு அசலில்தான் விழும். கீபோர்டில் ஐ தொடக்கம், ஓ முடிவு, இ எக்ஸ்போர்ட்.

தகராறு கீஃபிரேமில், அதாவது முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃபிரேமில்; இடையில் வருபவற்றில் மாற்றங்கள் மட்டுமே இருக்கும். ரெட் விழுகிற நொடியில் ஐ அழுத்தினாலும், துண்டு அதற்கு முந்தைய கீஃபிரேமில்தான் தொடங்கும். சில கோப்புகளில் அது பல நொடி தள்ளியிருக்கும். ‘கீஃபிரேம் கட்’ அமைப்பை அணைத்தால் நேரம் ஒட்டி வரும், ஆனால் அடுத்த கீஃபிரேம் வரை படம் உறைந்தோ கட்டம் கட்டமாகச் சிதறியோ நிற்கும். முந்தைய ஷாட்டும் சேர்ந்தே வரட்டும், நஷ்டமில்லை.

ஸ்பார்க், விபி6 துண்டுகளை எஃப்எல்வியாகவே சேமியுங்கள். எம்பி4 கேட்டால் பிழைதான். எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும் உள்ள பிற்காலக் கோப்புகள் மட்டும் தரம் குறையாமல் எம்பி4-க்குள் போகும். இழுத்தால் நகராத சீக்பார் என்றால் கோப்பின் ஹெடரில் (தொடக்கத் தகவலில்) நேர அளவு எழுதப்படவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரி மென்பொருளில், என்கோட் செய்யாத காப்பி முறையில் ஒருமுறை எஃப்எல்வியாகவே திரும்ப எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அசலை அழிக்காமல் ஷா-256 எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) இரண்டு டிஸ்க்கில் வையுங்கள்.

லாஸ்லெஸ்கட்டுக்கு என் மதிப்பெண்: எஃப்எல்விக்கு ஐந்துக்கு நாலு. எஸ்டபிள்யூஎஃப் என்ற இன்னொரு ஃபிளாஷ் கோப்புக்குப் பூஜ்யம்: அது வீடியோ இல்லை, நிரல். ஓட்டிப் பார்க்க ரஃபில், உள்ளே புதைந்த வீடியோவை உருவ ஜேபெக்ஸ் என்ற மென்பொருள்கள் உண்டு. நாற்பது ஐம்பது கேபிதான் இருக்கிறதென்றால் அது பெரும்பாலும் வீடியோவை ஓட்டிக் காட்டும் வெறும் பிளேயர் சட்டகம். படம் பக்கத்து எஃப்எல்வியில் இருந்திருக்கும். அதே ஃபோல்டரில் தேடுங்கள், இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் வராது.