ஏலத்தோட்ட ஜீப்பில் ஒரு ரேடியோ: 18 ஆண்டு அனுபவம்

2007இல் கம்பம் கடைவீதியில் 450 ரூபாய் கொடுத்து வாங்கியது. எஃப்.எம்., மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று மூன்று பேண்ட். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். நான் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன். விடிந்தும் விடியாமலும் ஒரு ஜீப்பில் பதினான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறுவோம். ரேடியோ என் சட்டைப்பையில் இருக்கும். கேட்பது பதினான்கு பேரும்.

முதலில் குறைகள். இரண்டாவது மழைக்காலத்திலேயே ஈரம் இறங்கி, சத்தம் கூட்டும் திருகு கரகரக்கத் தொடங்கியது. வாங்கிய எட்டாவது மாதத்தில் கடைக்குப் போனால், ஓராண்டு உத்தரவாதம் ஈரத்துக்குப் பொருந்தாது என்றார்கள். மேற்கு மலை மழையில் நனையும் ஊரில் ரேடியோ விற்றுவிட்டுச் சொல்கிற பேச்சா அது? ஏரியலை ஜீப் கதவு முறித்தது. அன்றிலிருந்து ஒரு முழம் செம்புக் கம்பிதான் ஏரியல். பேட்டரி ஸ்பிரிங் ஆண்டுக்கு இரண்டு முறை துருப்பிடிக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

இனி எஃப்.எம். இந்தப் பெட்டியை நான் தூக்கிப் போடாததற்கு இதுதான் காரணம். கோடைப் பண்பலை 100.5. கேரளத்தின் ஆகாசவாணி தேவிகுளம் 101.4. முள் நெல்லளவு நகர்ந்தால் மாநிலம் மாறிவிடும். இங்கே ‘செய்திகள்’, அங்கே ‘வார்த்தகள்’. பாதி மலை ஏறியதும் ஒன்று மங்கி மற்றொன்று தெளியும். நாம் திருப்பாவிட்டாலும் மலை திருப்பிவிடும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றி, எல்லை அடைபட்டு, எங்கள் ஜீப் பல நாள் ஏறவில்லை. தோட்டங்களில் தங்கியிருந்த நம் பெண்கள் மூட்டையோடு இறங்கி வந்தார்கள். அந்த நாட்களில் இரண்டு பக்கச் செய்தியையும் மாறி மாறிக் கேட்டேன். இந்தப் பக்கம் 1886 ஒப்பந்தம், 999 ஆண்டு குத்தகை, அணை கட்டிய பென்னிகுவிக், வயலுக்குத் தண்ணீர். அந்தப் பக்கம் 1895இல் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி முடித்த அணைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர்கள். என் கருத்து மாறவில்லை. அணையில் 142 அடி தண்ணீர் நிறுத்தலாம் என்று 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கின்றன. ஆனால் அவர்கள் பயத்தை நாடகம் என்று பேசுவதை விட்டுவிட்டேன். அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாறில் ஆற்றோரம் குடியிருப்பவர்களில் நிறையப் பேர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். ஒரு பக்கச் செய்தி மட்டும் கேட்டிருந்தால் இது எனக்கு நினைவுக்கே வந்திருக்காது.

மீடியம் வேவ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் விட்டுவிட்டுக் கேட்கும். கடன்காரன் வாக்குறுதி மாதிரி.

ஷார்ட் வேவ் இப்போது வெறும் இரைச்சல். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு வானொலியில் நின்றுபோனது. அதுவரை இரவு 9.15க்கு எங்கள் திண்ணையில் ஒருவர் தவறாமல் வந்து உட்காருவார். தெருவில் அவருக்குக் கண்டி அக்கா என்று பெயர். 1974இல் பத்து வயதில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். எங்கள் ஜீப்பின் வெளியுறவுத் துறை அவர்தான்.

இலங்கைத் தோட்டத் தமிழர்களை எந்த நாடு ஏற்பது என்று 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கணக்கை அவர் மனப்பாடமாகச் சொல்வார்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கச்சத்தீவு கைமாறியதும் அதே ஆண்டுதான். தேர்தல் காலத்தில் கச்சத்தீவு செய்தி வந்தால் ஜீப்பில் சண்டை மூளும். அக்கா ஒரு முறைதான் வாய் திறந்தார். “தீவைக் கொடுத்ததற்கு இத்தனை கோபம் வருகிறது. எங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்களே, அதற்கு யாராவது கோபப்பட்டீர்களா, தம்பி?” அடுத்த வளைவு வரை யாரும் பேசவில்லை.

விளையாட்டுக் கருத்திலும் அவர் தனிக்கட்சி. 2011 ஏப்ரல் 2, இந்தியாவும் இலங்கையும் மோதிய கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தெருவில் மின்வெட்டு; ரேடியோதான் கதி. வர்ணனை கொஞ்சம் ஹிந்தி, கொஞ்சம் ஆங்கிலம். எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தியா ஜெயிக்க வேண்டும் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இலங்கைப் பந்துவீச்சாளர் முரளிதரனுக்கு ஒரே ஒரு விக்கெட் கிடைக்க வேண்டும். முரளியின் தாத்தாவும் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவராம். “முரளி எடுத்தானா?” என்று ஒவ்வொரு ஓவருக்கும் கேட்டார். 8 ஓவர், 39 ரன், ஒரு விக்கெட்கூட இல்லை. தோனி சிக்சர் அடித்ததும் தெருவே வெடி வெடித்தது. அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, “அதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

உடல்நலச் செய்தியில் ரேடியோவைக் குறை சொல்ல மாட்டேன், கேட்கிற காதைத்தான் சொல்வேன். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா. பழந்தின்னி வவ்வால் மூலம் பரவும் என்றும், கடிபட்ட பழத்தைத் தொடாதீர்கள் என்றும் தேவிகுளத்தில் தெளிவாகவே சொன்னார்கள். எங்கள் ஜீப்பின் காதில் ‘பழம்’ என்ற சொல் மட்டும் விழுந்தது. திராட்சைப் பந்தலுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு பல நாள் திராட்சை தின்னாமல் இருந்தோம். என் மகள் கேட்டும் நான் வாங்கித் தரவில்லை. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் காய்ச்சலுக்கு 17 பேர் பலியானார்கள். நோயாளியைக் கவனித்துத் தானும் இறந்துபோன பேராம்பிராச் செவிலியர் லினியின் பெயரை மலையாளச் செய்தியில்தான் முதலில் கேட்டேன்.

ஏலக்காய் விலைக்கு மட்டும் இந்தப் பெட்டி உதவாது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதைப் புற்றடியிலிருந்து வந்த போன்தான் சொன்னது. ஆனால் குவாத்தமாலா என்று செய்தியில் யாராவது உச்சரித்தால் பதினான்கு தலைகளும் நிமிரும். வழக்கமாக உலகத்திலேயே அதிகம் ஏலக்காய் விளைவது அங்கேதான். எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அங்கே மழை பொய்த்தால் இங்கே நல்லது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒரு வெளியுறவுக் கொள்கையும் எங்களிடம் இருக்கிறது, சொல்லிக்கொள்ளத்தான் கூச்சம்.

இப்போது டிரைவர் தம்பி போனில் விவாத நிகழ்ச்சி போட்டுவிடுகிறான். என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்பே ஆறு பேர் கருத்துச் சொல்லிக் கத்தி முடித்துவிடுகிறார்கள். “அதை அமர்த்து, தம்பி, செய்தி வரட்டும்” என்பார் அக்கா. அவன் அமர்த்திவிடுவான்.

புதிதாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஷார்ட் வேவுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். செம்புக் கம்பி ஒரு முழம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் என் பெட்டியில் வலப்பக்க ஸ்பிரிங் ஒடிந்தேவிட்டது. அக்கா பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளித்தாளை நான்காக மடித்து அந்த இடத்தில் திணித்துக் கொடுத்தார். ஜீப் குலுங்கினால் நின்றுவிடுகிறது. ஒரு தட்டுத் தட்டினால் பாடுகிறது.