முழு மென்பொருள் என்று விற்றார்கள், உள்ளே இருந்தது பீட்டா

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுத் தொழில் செய்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஜிஎஸ்டி பில் முதல் பட்டறை வெள்ளிக் கணக்கு வரை எல்லாம் இதிலேயே அடங்கும், ஓராண்டுச் சந்தாவை இப்போதே கட்டினால் பாதி விலை என்பார்கள். எங்களிடமும் அப்படித்தான் பணம் வாங்கினார்கள். சோதனையில் இருக்கும் பீட்டா என்று வாயாலும் சொல்லவில்லை, ரசீதிலும் போடவில்லை.

முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஓர் அப்டேட் வந்தது. அடுத்த கணக்குப் பார்க்கும் நாளில், கூலிக்குக் கொலுசு செய்து தரும் பெரியவர் தம் சிட்டையோடு வந்து நின்றார். அவர் சிட்டையில் 148.750 கிராம், எங்கள் திரையில் 148. புள்ளிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் மென்பொருள் விழுங்கியிருந்தது. நாங்கள் கொடுத்த கட்டி வெள்ளி முழுக் கிலோவில் இருந்ததால் அதில் ஒன்றும் குறையவில்லை. அவர் திருப்பித் தந்ததில் மட்டும் அரைக் கிராம், முக்கால் கிராம் என்று கழிந்துகொண்டே போய், எடுக்காத வெள்ளி அவர் பெயரில் பாக்கியாக நின்றது. “என்ன தம்பி, நான் வெள்ளியை வைத்துக்கொண்டேன் என்கிறீர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த நிறுவனம் நஷ்டஈடு தரும்?

போதாக்குறைக்கு பில் எண் மறுபடி 1இலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு நிதியாண்டுக்குள் ஒரே பில் எண் இரண்டு முறை வரக்கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

போன் செய்தால், “சார், நீங்கள் பீட்டா பயனாளர், இதெல்லாம் சகஜம்” என்கிறார்கள். பழைய பதிப்புக்கும் திரும்ப முடியாதாம், பணமும் வராதாம்.

பீட்டாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜிமெயிலே 2004 முதல் 2009 வரை பீட்டா என்ற பெயரோடுதான் இருந்தது; இலவசமாக. ஆப்பிளின் டெஸ்ட்ஃப்ளைட் செயலியில் வரும் சோதனைப் பதிப்பு 90 நாளில் காலாவதியாகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு பீட்டாவிலிருந்து பாதியில் வெளியேறினால் போனில் இருப்பதெல்லாம் அழியும் என்று கூகுளும் எச்சரிக்கிறது. பிழை வரும் என்று தெரிந்தே ஒருவர் சோதித்துத் தருகிறார் என்றால், அது விற்பவனுக்கு அவர் செய்யும் வேலை. வேலையையும் வாங்கிக்கொண்டு நம்மிடமே கூலியும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

யாராவது விற்க வந்தால், பீட்டாவா என்று பார்க்கப் பதிப்பு எண் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முழுக் கணக்கையும் எக்செல் கோப்பாக உங்கள் கண்முன் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு விற்றதில் அந்த வசதியே இல்லை. ஒரு மாத ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) சிக்கலில்லாமல் போகும்வரை பழைய பேரேட்டை மூடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தொழில் செய்பவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் புகார் கொடுத்துவிட்டேன்.