9 லிட்டர் ஓடிஜி: டயலில் 180 என்று இருப்பதை நம்பாதீர்கள்

ஓடிஜி என்றால் ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சாரப் பெட்டி. "ரூமில் வைத்து கேக் சுடலாமா, வாங்கலாமா" என்று கேட்கும் மாணவர்களுக்காக இது. 9 லிட்டர், 800 வாட், மேலே ஒரு சூடேற்றும் ராடு, கீழே ஒரு ராடு, 60 நிமிட டைமர், 250 டிகிரி வரை டயல். இந்த அளவில் எந்தக் கம்பெனி பெட்டியைத் திறந்தாலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலான விடுதிகளில் ஹீட்டர் ராடுக்கே தடை, ஓவனை யார் விடப்போகிறார்கள்? வெளியே அறை எடுத்துத் தங்குபவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். 800 வாட் என்றால் சுமார் மூன்றரை ஆம்பியர். சாதாரண 6 ஆம்ப் பிளக் தாராளம். சூடானதும் ராடு விட்டுவிட்டுத்தான் எரியும் என்பதால், ப்ரீஹீட்டையும் (மாவு வைக்குமுன் காலி ஓவனைச் சூடேற்றுவது) சேர்த்து ஒரு கேக்குக்கு அரை யூனிட் சொச்சம்தான் ஆகும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினாலும் ஆறு ரூபாயைத் தாண்டாது. ஒரே எச்சரிக்கை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷன் அடுப்போடு சேர்த்துப் போடக்கூடாது. அது தனியாகவே 1,800, 2,000 வாட் இழுக்கும்.

இனி அந்த டயல்.

என் ஓவனுக்குத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாற்றி வந்ததிலிருந்து எரிச்சல் இரட்டிப்பு. பழையதில் 180 வைத்தால் உள்ளே 205 காட்டும். புதியதில் அதே 180க்கு 160 தாண்டவில்லை. சர்வீஸ் கடையைக் குறை சொல்ல முடியாது, இந்த விலை ஓவனில் போடும் பாகமே அப்படி. அது ஒரு பைமெட்டல் பட்டை, இரண்டு உலோகம் ஒட்டியது, சூட்டில் வளைந்து மின்சாரத்தை வெட்டும். பக்கவாட்டுத் தகட்டில், டயலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். நடுவில் இருக்கும் காற்றின் சூடு அதற்குத் தெரியாது, தகட்டின் சூடுதான் தெரியும். முதல் முறை தகடு சூடேறத் தாமதமாகும், அதுவரை ராடு எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே 20, 30 டிகிரி கூடிவிடும். அரை மணி கழித்து தகடும் டயல் பெட்டியும் கொதித்துக் கிடக்கும்போது சீக்கிரமே கட் ஆகிவிடும். அதனால்தான் முதல் கேக் மேலே கருகுகிறது, அடுத்தடுத்து சுடும் இரண்டாவது கேக் நடுவில் வேகாமல் நிற்கிறது. மாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

டயலின் குமிழைக் கழற்றிச் சற்றுத் திருப்பி மாட்டிச் சரிக்கட்டலாமே என்றால், அது ஏறும் தண்டு ஒரு பக்கம் தட்டையானது. ஒரே வாக்கில்தான் ஏறும். யார் யோசித்துச் செய்தார்களோ!

தீர்வு ஓவனுக்கு வெளியே இருக்கிறது. முந்நூறு, நானூறு ரூபாய்க்கு உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் கிடைக்கும். கம்பி ரேக்கின் நடுவில் வையுங்கள், ராடுக்கு நேர் கீழே வேண்டாம், கண்ணாடிக் கதவை ஒட்டியும் வேண்டாம். ராடு எரிவதைக் காட்டும் விளக்கு ஒரு முறை அணைந்ததும் மாவை வைத்துவிடக்கூடாது. அணைந்து, எரிந்து, மறுபடி அணையட்டும். அதன் பிறகு காட்டும் எண்தான் உண்மையானது. உண்மையான 150, 175, 200 எங்கே வருகிறதென்று பார்த்து, டயலைச் சுற்றி பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். அச்சடித்த எண்களை மறந்துவிடலாம். இரண்டாயிரம் சொச்சத்துக்கு விற்கும் பொருளுக்கு அளவுகோல் நாம்தான் போட வேண்டும் என்பது அநியாயம்தான்.

கேக்குக்கு வருவோம். 6 அங்குல அலுமினிய டின், உயரம் 2 அங்குலம் போதும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை பாத்திரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். எவர்சில்வர் டப்பா ஆபத்துக்கு உதவும், ஆனால் சூடு மெதுவாகப் பரவுவதால் ஓரம் காய்ந்து நடு ஈரமாக நிற்கும். அளவு: மைதா 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், கெட்டித் தயிர் 125 கிராம், வாசனை இல்லாத ரீஃபைண்ட் எண்ணெய் 60 மில்லி, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா எசன்ஸ், இளக்கத் தேவையான பால் மூன்று நான்கு மேஜைக்கரண்டி. முட்டையும் வெண்ணெயும் இல்லாததால் செலவு கைக்குள் நிற்கும். சோடா தயிரோடு சேர்ந்த நொடியே நுரைக்கத் தொடங்கிவிடும், ஆகவே ஓவன் தயாரான பிறகுதான் ஈரத்தையும் மாவையும் கலக்க வேண்டும். மாவு மறைந்ததும் கலக்குவதை நிறுத்துங்கள், அதிகம் அடித்தால் ரப்பர். கடற்கரை ஊர்களில் திறந்து வைத்த பேக்கிங் பவுடர் ஈரம் இழுத்துச் செத்துவிடும். வெந்நீரில் அரை ஸ்பூன் போட்டால் பொங்க வேண்டும்.

இங்கேதான் சின்ன ஓவனின் அடுத்த தொல்லை. உப்பிய கேக்கின் தலைக்கும் மேல் ராடுக்கும் நாலைந்து விரல்கடை இடைவெளிதான். மேல்தோல் சீக்கிரம் இறுகும், உள்ளே இருக்கும் மாவு அதைப் பிளந்துகொண்டு எரிமலையாக எழும். பதறிக் கதவைத் திறந்தால் அமுங்கிவிடும். அதனால் தொடக்கத்திலேயே டின்னின் மேல் அலுமினிய ஃபாயிலைக் கூடாரம் மாதிரி தளர்வாக மூடுங்கள். ஃபாயில் ராடில் படக்கூடாது. கீழ் வரிசையில் வைத்து, உண்மையான 170இல் 35 நிமிடம், கடைசி எட்டு நிமிடம் மூடியை எடுத்துவிடலாம். இவ்வளவு செய்தால் நல்ல கேக். செய்யாவிட்டால் கறுப்புத் தொப்பி.

ஆனால் கேக்கைக் கெடுக்கும் அதே நெருக்கம் பன்னுக்கு வரம். இதை யாரும் சொல்வதில்லை, பெட்டியின் மேல் படமும் கேக்கும் கோழியும்தான். மைதா 200 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், வெதுவெதுப்பான பால் 130 மில்லி, வெண்ணெய் 20 கிராம். பத்து நிமிடம் பிசைந்தால் கையில் ஒட்டுவது குறையும். நம் ஊர் வெயிலில் முக்கால் மணியில் இரட்டிப்பாகும், குளிர்நாட்டுக் குறிப்புகளில் வரும் ஒன்றரை மணி நேரத்தை அப்படியே பின்பற்றினால் புளித்துவிடும். ஆறு உருண்டை, 7 அங்குல டின்னில் சுற்றிலும் ஐந்து, நடுவில் ஒன்று. மறுபடி அரை மணி விட்டு, மேலே பால் தடவி, உண்மையான 190இல் 16, 18 நிமிடம். மேலே பளபளப்பான செம்பழுப்பு, உள்ளே பஞ்சு. பெரிய ஓவனில் இந்த நிறம் வர நேரமாகும், அதற்குள் பன் காய்ந்துவிடும். மாவு, பால், வெண்ணெய் எல்லாம் சேர்த்தும் ஒரு பன் ஐந்தாறு ரூபாய்க்குள் அடங்கும்.

டைமர் பற்றி ஒரு வரி: 10 நிமிடம் வேண்டுமென்றால் 20ஐத் தாண்டித் திருப்பிப் பின்னுக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் சரியாக ஓடாது. வெளித்தகடு கை வைக்க முடியாமல் சுடும், சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி வைக்க வேண்டும்.

வாங்கலாமா? வேண்டாம். மலிவு என்று மாணவர்களை இழுத்து, முதல் கேக்கிலேயே "நமக்கு வராது" என்று நினைக்க வைக்கும் பொருள் இது. கொஞ்சம் பணம் சேர்த்து, மேல் கீழ் ராடுகளுக்குத் தனித்தனித் தேர்வு உள்ள 16 லிட்டருக்குப் போங்கள். பிளக் 16 ஆம்ப்பாக இருந்தால் அறையில் அந்தப் பாயின்ட் உண்டா என்று மட்டும் பாருங்கள். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. பன் சுடும் நாளில் கேட்டால் நாலு தருவேன், அதற்காக இரண்டை மாற்றப்போவதில்லை.

படிப்பு முடிந்து போகிற சீனியர் யாராவது பாதி விலைக்குத் தந்தால் அது வேறு கதை. இரண்டு ராடும் சிவக்கிறதா, கதவு ஸ்பிரிங் இறுக்கமாக மூடுகிறதா, பிளக் பின் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். டயல் சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், இருக்காது.