‘இண்டஸ்ட்ரியல்’ என்று விற்ற ஃபேன் இல்லாத மினி பிசி: மூடியைக் கழற்றினால் தெரிவது

“ஃபேன் கிடையாது, தூசு அடைக்காது, மைனஸ் 20 முதல் 70 டிகிரி வரை தாங்கும் சார்” என்று சொல்லி விற்ற ஆறு பெட்டிகள், திருப்பூரில் ஒரு ஸ்டென்டர் லைனின் (துணியை விரித்துப் பிடித்துச் சூட்டில் உலர்த்தும் இயந்திரம்) கண்ட்ரோல் பேனல்களுக்குள் போயின. ஏப்ரலில் மதியம் இரண்டு மணி வாக்கில் ஒவ்வொன்றாகத் திரை உறைந்தது. திரும்ப ஆன் செய்தால், விண்டோஸும் டேட்டாவும் இருக்கும் எஸ்எஸ்டியே காணோம் என்றது. பேனல் கதவைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. விற்றவர் சொன்னது: “விண்டோஸ் பிரச்சினை, ஃபார்மட் பண்ணுங்க.” பண்ணியும் அதே கதை. மாற்றிக் கொடுத்த இரண்டும் அதே மதிய நேரத்தில் நின்றன. மறுபடி கேட்டதற்கு, “மூடின பேனலுக்குள்ள வச்சா வாரண்டி வராது.” பேனலுக்குத்தான் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருந்தது.

வாரண்டி போனதுதான் போனது என்று மூடியைக் கழற்றியதில் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. உள்ளே இன்டெல் செலரான் ஜே4125 ப்ராசஸர். 10 வாட் சிப், 105 டிகிரி வரை தாங்கும், அதில் குறையில்லை. ஆனால் சிப்புக்கும் மேலே உள்ள அலுமினிய மூடிக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி, அதை நிரப்ப ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தெர்மல் பேடு (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தகடு).

கணக்கைப் பாருங்கள். சிப்பின் சிலிக்கான் பரப்பு சுமார் 1 சதுர செ.மீ. பேடு மீட்டர்-கெல்வினுக்கு 3 வாட் கடத்தும் சுமாரான ரகம் என்றே வைத்தாலும், 3 மி.மீ. தடிமனுக்கு வாட்டுக்கு 10 டிகிரி விழும். 10 வாட்டுக்கு 100 டிகிரி. பக்கவாட்டில் கொஞ்சம் பரவும், போர்டு வழியாகக் கொஞ்சம் இறங்கும் என்று பாதியைக் கழித்தாலும் 50. மூடி 70 டிகிரிக்கு வந்ததும் சிப் 120-ஐத் தொடப் பார்க்கும், 105-இல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூட்டைக் காற்றில் விட, துடுப்பு துடுப்பாக அழகான மூடி. சூடு அங்கே போய்ச் சேர்ந்தால்தானே!

எஸ்எஸ்டி போர்டுக்கு அடியில், பேடுகூட இல்லாமல், காற்றோட்டமே இல்லாத இடத்தில். சாதாரண எஸ்எஸ்டிக்கு 0 முதல் 70 டிகிரி வரைதான். மைனஸ் 40 முதல் 85 வரை தாங்கும் இண்டஸ்ட்ரியல் ரகம் தனி. 12 வோல்ட் அடாப்டரில் பொடி எழுத்தில் 40 டிகிரி வரைதான் என்றே போட்டிருந்தது. அதாவது 70 டிகிரி என்று விற்ற சாமானின் ஒரு உறுப்பு, பேனலுக்கு வெளியே ஷெட்டிலேயே எல்லையைத் தொட்டுவிடும்.

டெமோவில் ஏன் தெரியவில்லை? பத்து நிமிடம்தான் ஓட்டிக் காட்டினார்கள். 1.2 கிலோ அலுமினிய உடம்பு ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 1080 ஜூல் வேண்டும். காற்றுக்கு வாட்டுக்கு 1.5 டிகிரி வீதம் சூட்டை விடும் பெட்டி என்றால், பத்து நிமிடத்தில் மொத்த ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. நிலைக்கு வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். முழு லோடில் இரண்டு மணி நேரம், உங்கள் பேனலுக்குள் வைத்து, எஸ்எஸ்டி மேல் கே-டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி சென்சார்) ஒட்டிப் பார்க்காத டெமோவை நம்பாதீர்கள்.

பேனலின் பங்கும் சின்னதல்ல. சுவரில் மாட்டிய 600 × 400 × 200 மி.மீ. பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குப் பயன்படும் பரப்பு சுமார் 0.66 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 5.5 வாட் வெளியேறும். பிசி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இழப்பு, ரிலே, டிஸ்ப்ளே எல்லாம் சேர்ந்து 60 வாட் என்றால் உள்ளே 16 டிகிரி கூடும். ஷெட் 42 என்றால் பேனலுக்குள் 58. ஃபில்டர் ஃபேன் வைக்கலாமே என்பார்கள். பஞ்சுத் தூசி பறக்கும் ஷெட்டில் அந்த ஃபில்டரை யார் துடைக்கப் போகிறார்கள்? பிசியை பேனலின் அடிப்பகுதியில், துடுப்புகள் செங்குத்தாக, சுற்றிலும் 50 மி.மீ. இடம் விட்டு, சூட்டைக் கக்கும் விஎஃப்டிக்கு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) மேலே வராமல் மாட்டுவது செலவில்லாத வேலை.

வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு: இடைவெளியைக் களிமண் வைத்து அமுக்கி, கேலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். 3 மி.மீ. என்றால் 20 × 20 × 2.5 மி.மீ. செம்புத் தகடு; சிப் பக்கம் தெர்மல் பேஸ்ட், மூடிப் பக்கம் 0.5 மி.மீ. நல்ல பேடு. வாட்டுக்கு 10 டிகிரி என்றிருந்தது ஒரு டிகிரிக்கும் கீழே வந்துவிடும். பேடுக்குப் பதில் முழு உயரத்துக்கும் செம்பு வைத்துத் திருகை இறுக்கினால் சிலிக்கான் விரிசல் விடும். சுற்றியுள்ள குட்டிக் கெபாசிட்டர்கள் மேல் கேப்டன் (Kapton) டேப், அதாவது சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப், ஒட்ட மறக்க வேண்டாம், செம்பு பட்டால் ஷார்ட். பயாஸில் தொடர் பவர் வரம்பு இருந்தால் 6 வாட்டுக்கு இறக்குங்கள். டேட்டா காட்டும் வேலைக்கு அதுவே அதிகம்.

புதிதாக வாங்குகிறவர்கள் டேட்டாஷீட்டில் 70 டிகிரிக்குக் கீழே உள்ள அடிக்குறிப்பைப் படியுங்கள். “0.7 மீட்டர்/நொடி காற்றோட்டத்துடன்”, “அகல வெப்பநிலை எஸ்எஸ்டி, ரேம் உடன்” என்று இருக்கும். மூடிய பேனலில் அந்தக் காற்று கிடையாது. அந்த எஸ்எஸ்டி கூடுதல் காசு. கெபாசிட்டர் என்ன ரகம் என்றும் கேளுங்கள்: 105 டிகிரியில் 2000 மணி நேர எலக்ட்ரோலிட்டிக், 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் இரட்டிப்பாகும் கணக்கில், 75 டிகிரியில் 16,000 மணி. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் அது இரண்டு வருடம்கூட இல்லை.

இந்த ஆறு பெட்டிக்கும் பணம் திரும்பவில்லை. பர்ச்சேஸ் ஆர்டரில் பேனல் என்று எழுதியவர்கள் எத்தனை டிகிரி என்று எழுதவில்லை. ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற வார்த்தை வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் மட்டும்தான். பில்லில் ‘மினி பிசி, 6 எண்ணம்’.