காற்று குஷனில் சில வருஷம்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து வீல்சேர்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வலித்தால்தானே நாம் நகர்ந்து உட்காருவோம்? அந்த வேலையை நானே ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது; இல்லாவிட்டால் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகிவிடும். ரப்பர் குமிழ்கள் வரிசையாக நிற்கும் காற்று குஷனைச் சில வருஷமாகப் பயன்படுத்துகிறேன். நல்ல சாமான். ஆனால் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பவர்களுக்கு இது சரிவராது.

இந்த வகையில் பேர்போன ரோஹோ குஷனை 1970களில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கிரேபி. என்னுடையது வேறு கம்பெனி, வேலை ஒன்றுதான். குமிழ்களுக்குள் காற்று இங்குமங்கும் ஓடுவதால் உடம்பு அமிழ்கிறது. பாரம் உட்காரும் எலும்புகள் இரண்டின் மேல் மட்டும் விழாமல் பரவுகிறது. காற்று அதிகமானால் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி, எலும்பு அமிழாது. குறைந்தால் நேரே அடித்தட்டில் இடிக்கும். காலையில் தங்கச்சி குஷனுக்கும் எனக்கும் நடுவே கையை விட்டு எலும்பின் கீழ்முனையைத் தடவிப் பார்ப்பாள். அதற்கும் அடித்தட்டுக்கும் நடுவே அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை காற்று நிற்க வேண்டும். ஒருநாள் மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டது. பேசினில் தண்ணீர் விட்டு அமுக்கினோம். ஒரு குமிழின் அடியிலிருந்து மணிமணியாகக் காற்று வந்தது. ஒட்டுப் போட்டு அதே குஷன்தான் ஓடுகிறது.

அம்மா பாசத்தில் மேலே துண்டை மடித்துப் போடுவார். கூடாது. துணி இழுத்துப் பிடித்துக்கொண்டால் குமிழுக்குள் அமிழ முடியாது. நடுவே ஓட்டை உள்ள வளைய மெத்தையும் வேண்டாம். விளிம்பு அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

இத்தனைக்கும் பிறகு, குஷன் பாதி வேலைதான் செய்கிறது. மீதி, அவ்வப்போது எலும்பின் மேலுள்ள பாரத்தை நாமே எடுத்துவிடுவது. கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதைத்தான் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். 2003இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், அழுத்தப்பட்ட திசுவுக்குப் பழையபடி பிராணவாயு திரும்ப சராசரியாக 1 நிமிடம் 51 விநாடி ஆனது. அவ்வளவு நேரம் யார் தூக்கிக்கொண்டு நிற்பது? தோள்பட்டைதான் போகும். முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் இரண்டு நிமிடம் சுலபமாக ஓடும். ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது அப்படிக் குனிந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர், “என்ன தம்பி, காசு விழுந்துருச்சா?” என்று மேசைக்கடியில் தேட ஆரம்பித்துவிட்டார்! இப்போது அங்கே எல்லாருக்கும் பழகிவிட்டது. நடுநடுவே இடம் வலமாகச் சாய்வதும் உண்டு.

ராத்திரி கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கிறேன். ‘சிவந்திருக்கிறதா பாருங்கள்’ என்ற அறிவுரை நம் கறுத்த தோலுக்கு அவ்வளவாக உதவாது. சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால் அந்தப் பக்கம் பாரம் போடாமல் படுத்துவிட்டு, மறுநாளே கிளினிக்.

தனியாக இருப்பவர், காற்றைப் பார்க்க ஆள் இல்லாதவர் நல்ல ஃபோம் குஷன் வாங்குவதே மேல். காற்று குஷன் எடுப்பவர்கள் கூடவே இன்னொரு உறையும் வாங்கிவிடுங்கள். நம்மூர் புழுக்கத்தில் வேர்வை நிற்காது, ஈரத் தோல் சீக்கிரம் உரியும்; மழைக்காலத்தில் துவைத்த உறை ஒரே நாளில் காயவும் காயாது.